ஆறு பேர், ஆறு ரவுண்டு

டப்ளினில் நல்ல பப் எது என்று கேட்பதும் கும்பகோணத்தில் நல்ல கோயில் எது என்று கேட்பதும் ஒன்றுதான். திரும்பின பக்கமெல்லாம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தல புராணம் இருக்கும். 'எங்களுடையதுதான் ரொம்பப் பழசு' என்று நாலு பேர் சத்தியம் செய்வார்கள். யாரைக் கேட்டாலும் தன் தெருக்கோடியில் இருப்பதைத்தான் சிபாரிசு செய்வார்.

ஒரு பப்பைக்கூடத் தாண்டாமல் டப்ளினைக் குறுக்கே கடக்க முடியுமா என்று 'யுலிஸிஸ்' நாவலில் (1922) ஜேம்ஸ் ஜாய்ஸ் தன் கதாநாயகனை யோசிக்க விட்டிருக்கிறார். கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் அந்தப் புதிர் அப்படியே கிடந்தது. 2011ல் ஒரு கம்ப்யூட்டர்காரர் மேப்பை வைத்துக்கொண்டு, புரோகிராம் எழுதி, வழி கண்டுபிடித்துவிட்டார். ஊரே உள்ளே போக வழி தேடும்போது உள்ளே போகாமலிருக்க வழி தேடுகிறவன் நம்ம இனமாகத்தான் இருக்கவேண்டும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குடி குடியைக் கெடுக்கும். அதில் எனக்கும் சந்தேகமில்லை. இது சாப்பாட்டைப் பற்றியும் சிநேகிதர்களைப் பற்றியுமான கட்டுரை. பியர் இதில் கெளரவ வேடம்தான்.

2023 அக்டோபரில் எங்கள் கோஷ்டியில் ஆறு பேர். நான். என்னோடு கான்டீனில் தயிர்சாதம் பகிர்ந்துகொண்ட திருச்சிக்காரன். லூதியானாவிலிருந்து வந்த ஒரு சர்தார். போலந்துப் பெண் ஒருத்தி. எதற்கெடுத்தாலும் கட்டிப்பிடிக்கும் பிரேசில்காரர் ஒருவர். ஆறாவது, ஐம்பது வயது ஐரிஷ்காரர். அவருக்குச் சொந்த ஊர் கார்க். பாட்டிலை மூடுகிற கார்க் இல்லை ஸார், ஊர். தெற்கே இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் டப்ளினைத் தலைநகரமாக ஏற்றுக்கொள்வதில்லை. நம்ம மதுரைக்காரர்கள் சென்னையைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார்கள்.

அந்த மாசம் திருச்சிக்காரனுக்கு வேலை போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மெயில் வந்தது. மத்தியானம் அவன் கார்டைக் காட்டினால் கதவு திறக்கவில்லை. ஊரில் அப்பாவுக்கும் உடம்பு சரியில்லை. இன்னொரு வேலை தேடிக்கொண்டு இங்கேயே கிடப்பதைவிடத் திரும்பிப் போய்விடுவது என்று முடிவு செய்து, அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டான். அதோடு எங்கள் கண்ணில் படுவதையும் நிறுத்திவிட்டான். போன் செய்தால் 'பாக்கிங்டா' என்பான். இருபத்துமூன்று கிலோ பெட்டியை யாராவது மூன்று வாரமாகக் கட்டுவார்களா?

"அவனுக்கு ஒரு டின்னர் கொடுக்காமல் அனுப்பக்கூடாது. நல்ல பப்பாகப் பார்" என்றார் கார்க்காரர். பொறுப்பு என் தலையில்.

அவனிடம் சொன்னேன். நேரிலேயே போய்ச் சொன்னேன்.

"வேணாம்டா."

"ஏன்டா? சாப்பிட்டுட்டுப் போகப்போறே, அவ்வளவுதானே?"

கொஞ்ச நேரம் பெட்டியின் ஜிப்பையே இழுத்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "ஆறு பேருடா. என் டர்ன் வருமில்லே?"

விஷயம் அதுதான்.

அயர்லாந்தில் பப்பில் யாரும் தனக்குத் தானே வாங்கிக் குடிப்பதில்லை. 'ரவுண்டு' என்று ஒரு ஏற்பாடு. முதலில் ஒருவர் எழுந்து போய் எல்லோருக்கும் வாங்கி வருவார். அது முடியும் தறுவாயில் அடுத்தவர் எழுவார். இப்படியே சுற்றி வரவேண்டும். நம்ம ஊர் கல்யாண மொய் மாதிரிதான். மொய் நோட்டு கிடையாதே தவிர, யார் வைத்தார், யார் வைக்கவில்லை என்பது எல்லோர் மனசிலும் எழுதியிருக்கும். தன் முறை வரும்போது பாத்ரூமுக்குப் போகிறவனை இருபது வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், அப்போது சாதாரணப் பேட்டையிலேயே ஆறு யூரோ சொச்சம். ஆறு பேருக்கு என்றால் நாற்பது யூரோவைத் தொடும். திருச்சிக்காரன் குடிக்கவே மாட்டான். மற்ற ஐந்து பேருக்கும் பியர் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் எலுமிச்சை சோடா குடிப்பான். வேலையில் இருந்தவரை முகம் சுளிக்காமல் அதைச் செய்தவன். இப்போது நாற்பது யூரோ என்பது அவனுக்கு அப்பாவின் மாத்திரைக் கணக்கு. 'நீ தரவேண்டாம், நாங்க பார்த்துக்கறோம்' என்று சொன்னால் அதற்காகவே வரமாட்டான். ஓசிச் சாப்பாடு அவன் தொண்டையில் இறங்காது.

ஆக, எனக்குத் தேவைப்பட்டது: இரண்டு சைவர்களுக்குச் சாப்பாடு (சர்தாரும் சைவம்), பேசினால் காதில் விழுகிற இடம், பாக்கெட்டைக் கிழிக்காத விலை. எல்லாவற்றுக்கும் மேல், குடிக்காதவனை ஏற இறங்கப் பார்க்காத ஆட்கள். நாலு சாயங்காலம் அலைந்தேன்.

முதலில், டெம்ப்பிள் பார். பேர் ஒரு கடைக்கும் உண்டு. லிஃபி நதிக்குத் தெற்கே அந்தப் பேட்டைக்கே உண்டு. கருங்கல் பாவிய தெரு, பூத்தொட்டி, வாசலுக்கு வாசல் பாட்டு. டூரிஸ்டுகள் போட்டோ எடுத்துத் தீராது. பைன்ட் விலை அப்போது எட்டு, ஒன்பது என்று ஆரம்பித்து, ராத்திரி ஏற ஏற அதுவும் ஏறியது. ஒரு கடையில் பக்கத்தில் இருந்தவரிடம் மணி கேட்டேன். அவர் 'பெல்ஜியம்' என்றார். அவ்வளவு சத்தம். கார்க்காரரிடம் சொன்னபோது, "அங்கே ஐரிஷ்காரனைப் பார்க்கணும்னா கவுண்டருக்கு அந்தப் பக்கம்தான் பார்க்கணும்" என்றார்.

இரண்டாவது, ப்ரேஸன் ஹெட். சுவரில் 1198 என்று எழுதியிருக்கிறது. இப்போதிருக்கும் கட்டிடம் என்னவோ 18ம் நூற்றாண்டுதான். நடு நாட்டில் அத்லோன் ஊரில் இருக்கும் ஷான்ஸ் பார், 'போங்கடா, நாங்கள் கி.பி. 900' என்கிறது. யார் மூத்தவர் என்பதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். முற்றமும் தாழ்ந்த கூரையுமாக அழகான இடம். ஆனால் ஒரு தடவை பார்க்கவேண்டிய இடம், தினம் போய் உட்கார்கிற இடமில்லை. நமக்கு மகாபலிபுரம் மாதிரி.

மூன்றாவது, ட்யூக் தெருவில் டேவி பர்ன்ஸ். யுலிஸிஸ் கதாநாயகன் லியோபோல்ட் ப்ளூம் 1904 ஜூன் 16 அன்று நுழைந்து, சீஸ் ஸாண்ட்விச்சும் ஒரு கிளாஸ் ஒயினும் சாப்பிட்ட இடம். சைவச் சாப்பாட்டுக்கு இலக்கிய அந்தஸ்து தேடிக்கொடுத்த இடம்! ஒவ்வொரு ஜூன் 16ம் தேதியும் ஜாய்ஸ் ரசிகர்கள் தொப்பியும் கோட்டுமாக அதையே சாப்பிட வருகிறார்கள். அந்தச் சடங்கின் ஆரம்பம் தமாஷானது. 1954ல் ஃப்ளான் ஓ'ப்ரையன், பாட்ரிக் கவனா முதலான எழுத்தாளர்கள் குதிரை வண்டி வைத்துக்கொண்டு, நாவலில் வருகிற வழியெல்லாம் சுற்றுவது என்று கிளம்பினார்கள். பாதிக்குமேல் நகரவில்லை. அதே ட்யூக் தெருவில் பெய்லி என்ற பப்பில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தவர்கள்தான். இலக்கியக் கூட்டம் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் முடிகிறது.

நாலாவது, பூல்பெக் தெருவில் முல்லிகன்ஸ். 1782ல் ஆரம்பித்த பேர். ஜாய்ஸ் இதையும் ஒரு சிறுகதையில் விட்டுவைக்கவில்லை. கின்னஸ் அருமை என்றார் சர்தார். சாப்பிட என்ன இருக்கிறது என்றால் சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டுகிறார்கள். கேவலமாக நினைக்காதீர்கள். அந்த டேய்டோ சிப்ஸை 1954ல் ஜோ மர்ஃபி என்பவர் ஆரம்பித்து, சீஸ்-வெங்காய ருசியை அதில் ஏற்றினார். இன்றைக்கு உலகம் பூரா மசாலா சிப்ஸ் தின்கிறதே, அதில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. ஆனாலும் ஒருத்தனை ஊருக்கு வழியனுப்புகிற விருந்துக்கு சிப்ஸ் போதாது.

ஸ்மித்ஃபீல்டில் காபிள்ஸ்டோன் போனோம். மூலையில் ஃபிடிலும் புல்லாங்குழலுமாக நாலைந்து பேர் தங்களுக்குள் வாசித்துக்கொண்டிருப்பார்கள். மேடை கிடையாது, கச்சேரி என்ற பந்தா கிடையாது. 2021ல் அந்த இடத்தில் ஓட்டல் கட்ட ஒரு திட்டம் வந்தபோது, ஜனங்கள் வாத்தியங்களோடு ஊர்வலம் போனார்கள். அந்த நவம்பரில் டப்ளின் மாநகராட்சி அனுமதி மறுத்துவிட்டது. பாட்டுக்கு அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் பாட்டு நடக்கும்போது பேசினால் நம்மை மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள். நமக்கோ அன்றைக்குப் பேச வேண்டியது நிறைய இருந்தது.

கிளாஸ்நெவினில் ஜான் கவனாவின் பப், 1833ல் திறந்தது. டி.வி. கிடையாது, பாட்டு கிடையாது. பேச்சுதான். பக்கத்திலேயே பெரிய கல்லறைத் தோட்டம் என்பதால் 'கிரேவ் டிக்கர்ஸ்' என்றுதான் ஊரில் பேர். குழி வெட்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் சுவரைத் தட்டினால் பைன்ட் போகுமாம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அவர்களுடைய கைராசிப் பண்டம் 'காடில்'. பன்றி ஸாஸேஜும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டு வேகவைத்த டப்ளின் குழம்பு. அது தவிர, திருச்சியிலிருந்து அவன் அம்மா போன் செய்து 'எங்கப்பா விருந்து?' என்று கேட்டால், 'சுடுகாட்டுக்குப் பக்கத்துலம்மா' என்றா சொல்வது?

இந்த இடத்தில் சர்தாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சைவம், ஆனால் கின்னஸ் குடிப்பார். அந்தக் கறுப்பு பியரைத் தெளிய வைக்க ரொம்பக் காலம் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பொருளைத்தான் பயன்படுத்தினார்கள் என்று யாரோ சொல்ல, மனுஷர் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் இறங்காமல் தவித்தார். அதை நிறுத்தப்போவதாக கம்பெனி 2015லேயே அறிவித்து, அடுத்த சில வருஷத்தில் நிறுத்தியும்விட்டது, நீங்கள் அதற்கப்புறம்தானே அயர்லாந்து வந்தீர்கள் என்று கார்க்காரர் கணக்குச் சொன்ன பிறகுதான் முகத்தில் ரத்தம் வந்தது.

அந்தக் கம்பெனியை ஆரம்பித்த ஆர்தர் கின்னஸ் 1759ல் டப்ளினில் இடத்தை வாடகைக்குப் பிடித்தபோது எத்தனை வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார் தெரியுமா? 9,000 வருஷம்! வாடகை வருஷத்துக்கு 45 பவுன். நம்ம ஊரில் பதினோரு மாசத்துக்கு மேல் அக்ரிமென்ட் போட ஹவுஸ் ஓனருக்குக் கை நடுங்குகிறது.

பப் என்றால் 'பப்ளிக் ஹவுஸ்', பொது வீடு. கிராமங்களில் ஒரே கூரைக்குள் முன்னால் மளிகைக்கடை, பின்னால் பப் என்று இருந்தது. சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. திப்பரேரி மாவட்டத்தில் ஃபெதர்ட் என்ற ஊரில் மக்கார்த்தி பப்காரர்கள் சாப்பாடும் போடுகிறார்கள்; சவ அடக்கமும் செய்து கொடுக்கிறார்கள். ஒருத்தனுக்குக் கடைசிவரை வேறு கடைக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. நம்ம திண்ணை, டீக்கடை பெஞ்சு, அண்ணாச்சி கடை மூன்றையும் சேர்த்து, மழை நனையாமல் ஓடு போட்டால் ஐரிஷ் பப். இந்தப் பழக்கத்தை 1990களில் பார்சலும் கட்ட ஆரம்பித்தார்கள். பழைய மர பெஞ்சு, கவுண்டர், கண்ணாடி எல்லாவற்றையும் அயர்லாந்திலேயே செய்து, கன்டெய்னரில் ஏற்றி, உலகம் பூரா 'ஐரிஷ் பப்' கட்டிக் கொடுத்தார்கள். துபாயில்கூட 1996லிருந்து ஒன்று இருக்கிறது. ஆனால் பெஞ்சைத்தான் கன்டெய்னரில் அனுப்பலாம். அதில் உட்கார்கிறவரை அனுப்ப முடியாதே. அயர்லாந்திலேயே 2005க்குப் பிறகு சுமார் 2,000 பப்கள் மூடிவிட்டன. பெரும்பாலும் கிராமத்துப் பப்கள்.

அலுத்துப்போய் கார்க்காரரிடமே கேட்டேன். "பேர் கேள்விப்படாத இடமாகப் பார்" என்றார். நமக்கும் தெரிந்த சூத்திரம்தான். ஹைவேயில் போர்டைப் பார்த்தா இறங்குகிறோம்? லாரிகள் நிற்கிற கடையில்தானே புரோட்டா நன்றாயிருக்கும்!

அப்படிக் கிடைத்ததுதான் அந்தப் பப். நதிக்கு வடக்கே, வீடுகளுக்கு நடுவில். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களுக்கு இடம் கிடைத்து எனக்குக் கிடைக்காமல் போகும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனேன். பஸ் டிரைவர் ஒருவர் யூனிபாரத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாட்டி ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டு பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கவுண்டரில் இருந்த அம்மாளிடம், "காய்கறி சூப்பில் காய்கறி மட்டும்தானா?" என்று கேட்டேன். முறைக்கவில்லை. உள்ளே போய்க் கேட்டு வந்து, "இன்றைக்குக் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்தது. நீங்கள் வியாழக்கிழமை வருவதானால் தனியாகச் செய்யச் சொல்கிறேன். எத்தனை பேர்?" என்றார். பத்து வருஷமாகத் தெரிந்தவர் மாதிரி கேட்டார்.

அங்கே ஒரு 'ஸ்நக்' இருந்தது. மரத்தடுப்புப் போட்ட சின்ன அறை. கவுண்டருக்கு நேராக ஒரு சின்ன ஜன்னல். அந்தக் காலத்தில் பெண்களும், பாதிரியாரும், டூட்டியிலிருந்த போலீஸ்காரரும் யார் கண்ணிலும் படாமல் வாங்கிக் குடிக்கச் செய்த ஏற்பாடு. தலை குனிந்தபடி நடக்கிற ஒருத்தனை உட்காரவைக்க அதைவிடத் தோதான இடம் ஏது? பிடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஆறரைக்குப் போனோம். திருச்சிக்காரனைப் பிரேசில்காரர் வீட்டுக்கே போய்க் கட்டிப்பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். சூப், சுடச்சுட சோடா ரொட்டி, கீரையும் உருளைக்கிழங்கும் வெண்ணெயும் போட்டு மசித்த கால்கானன், மற்றவர்களுக்கு ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வேகவைத்த ஸ்டூ. கால்கானனில் கொஞ்சம் ஊறுகாய் இருந்தால் சொர்க்கம் என்று திருச்சிக்காரன் சொன்னான். ஒரு மாசத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் ருசியான வார்த்தை.

சாப்பாட்டுப் பணத்தை ஐந்து பேரும் முன்னாலேயே கட்டிவிட்டோம். வழியனுப்பு விருந்து என்றால் அதில் கேள்வி கிடையாது. ரவுண்டுதான் பாக்கி. கார்க்காரர் முதலில் எழுந்தார். "குடிக்காதவனுக்கு எங்க நாட்டில் கூச்சம் வேண்டாம். எங்க தாத்தா சாகிறவரை 'பயனீர்' பின் குத்திக்கொண்டிருந்தவர்" என்றார். மதுவைத் தொடமாட்டேன் என்று உறுதி எடுத்துக்கொண்டவர்களின் சங்கம் அது. 1898ல் டப்ளினில் ஆரம்பித்தது. பியருக்குப் பேர் போன ஊரிலேயே அதுவும் பிறந்திருக்கிறது பாருங்கள்.

ஐந்து பேரும் ஒவ்வொரு சுற்று வாங்கியாயிற்று. போலந்துப் பெண்ணும் நானும் பாதியிலேயே எலுமிச்சை சோடாவுக்கு மாறிவிட்டோம். மணி பத்தரை. திருச்சிக்காரன் எழுந்தான்.

"என் ரவுண்டு" என்றான்.

என் கை தானாகப் பர்ஸுக்குப் போயிற்று. மேஜைக்கடியில் கார்க்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்தமாகவே பிடித்தார். "வாங்கட்டும்" என்றார் மெதுவாக. "வேலைதான் போயிருக்கு. கை போகலை." பிறகு நிமிர்ந்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "எனக்கு டீ. காலையில் சீக்கிரம் எழுந்திருக்கணும்."

ஒரு வினாடிதான். "எனக்கும் டீ" என்றார் சர்தார், பாதி கின்னஸ் கையில் இருக்கும்போதே. "டீ" என்றாள் போலந்துப் பெண். தன் ஊர்க் காப்பியைத் தவிர எதையும் மதிக்காத பிரேசில்காரரும் 'டீ' என்றார். அதைத்தான் நான் தியாகம் என்பேன்.

அவனுக்குப் புரியாமலில்லை. எங்கள் ஐந்து பேரையும் வரிசையாகப் பார்த்தான். சிரித்தான். ஸ்நக் ஜன்னலைத் தட்டி, "ஆறு டீ" என்றான். கவுண்டர் அம்மாள், அந்த நேரத்தில் ஆறு பேர் டீ கேட்பது தினம் நடப்பது போல, இரண்டு பெரிய கெட்டிலும் பால் ஜாடியும் ஒரு தட்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். அவன்தான் பணம் கொடுத்தான். அவன்தான் எல்லோருக்கும் ஊற்றினான். அதற்கப்புறம்தான் வேலை போன அன்றைக்கு நடந்ததையெல்லாம் உட்கார்ந்து சொன்னான். பதினொன்றரைக்கு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு எங்களைக் கிளப்பினார்கள்.

இப்போது கோயமுத்தூரில் வேலையாயிருக்கிறான். அப்பா தேவலை.

நீங்கள் ஆபீஸ் வேலையாகவோ வேறெதற்கோ டப்ளின் போக நேர்ந்தால், சில குறிப்புகள். சாப்பாட்டுக்கு எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பல பப்களில் ஒன்பது மணிக்குச் சமையலறை மூடிவிடும், அப்புறம் டேய்டோதான் கதி. சூப் எந்தத் தண்ணீரில் வெந்தது என்று கேட்டுவிடுங்கள். சிகரெட்காரர்கள் வெளியே போகவேண்டும். 2004 மார்ச் 29 முதல் பப்புக்குள் புகைக்கத் தடை, நாடு முழுக்க இப்படிச் செய்ததில் உலகிலேயே அயர்லாந்துதான் முதல். கின்னஸ் ஊற்ற இரண்டு நிமிஷம் ஆகும். முக்கால் ஊற்றி அடங்க வைத்துத்தான் மீதியை ஊற்றுவார்கள். அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் முறை வரும்போது பாத்ரூம் போகாதீர்கள்.

நல்ல பப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்கிறீர்களா? சுலபம். ராத்திரி பத்தரை மணிக்குப் போய் டீ கேட்டுப் பாருங்கள்.